துருத்தி மிதித்த ஜோசப்

அத்தியாயம் 9

ப்ரெஸோல் மாளிகைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி பன்னிரண்டேகால். எங்களை முதலில் வரவேற்றவை பிஜூ, பொம்பொன் என்ற இரண்டு சப்பைமூக்கு நாய்கள். அடுத்து வரவேற்றது உள்ளேயிருந்து வந்த அழுகைச் சத்தம். அனத்தோல் என்கிற தலைமைப் பணியாள் எங்கள் தொப்பிகளை வாங்கிக்கொண்டார். என் தொப்பியை மட்டும் இரண்டு விரலால் பிடித்தார்.

என் முதலாளி ஸெராஃபின் லொரியோ பாரிஸில் துப்பறிகிறவர்களில் மூன்றாவது கெட்டிக்காரர். முதல் இரண்டு பேர் யாரென்று அவரால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. சங்கீதம் அவருக்கு அறவே ஏறாது. வயலினும் கதவுக் கீலும் அவர் காதுக்கு ஒரே சாதி. அதனால்தான் சங்கீதக்காரர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் என்னைக் கூட்டிப்போவார். நான் கஸ்பார் பூலினே. எட்டு வருஷம் நாடகக் கொட்டகையில் வியோலா வாசித்தவன். கதாநாயகி சாகிற காட்சியில் வாய்விட்டுச் சிரித்ததற்காக வெளியே தள்ளப்பட்டேன். செத்தவள் மூன்றாவது தடவை எழுந்து பாடினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

"அழறது திருட்டுன்னு பிடிச்சுவெச்ச பொண்ணா?" என்று லொரியோ அனத்தோலிடம் கேட்டார்.

"இல்லீங்க. கோமான்."

ஆர்கன் மண்டபத்தில் கோமான் அமோரி த ப்ரெஸோல் ஒரு தங்க நாற்காலியில் சரிந்து கிடந்து கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோமாட்டி ஓதில், விசிறியோடு. அவள் முகத்தில் துக்கம் இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் வீட்டில் ஏதோ நடக்கிறது என்ற திருப்திதான் தெரிந்தது. சுவரோரமாக ஒரு முக்காலியில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவள்தான் இரேன் தஸ்லேன். அவளுக்குக் காவலாக ஏட்டு பூஷார். சமையலறையிலிருந்து வந்த வெங்காய சூப்பைக் காவலுக்குப் பங்கமில்லாமல் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ப்ரெஸோல் மாளிகையில் வியாழக்கிழமை தோறும் நாலு மணிக்குக் கச்சேரி. நகரத்தில் பேர் சொல்லத்தக்க எல்லாரும் வருவார்கள், பேர் சொல்லத்தகாத சிலரும் வருவார்கள். இன்றைக்குக் கோமானே எழுதிய புதுப் படைப்பு அரங்கேற்றம். ஆர்கனும் நாலு தந்தி வாத்தியங்களும். ஆர்கன் வாசிப்பதும் கோமானே. அந்த இசைப்பிரதி காலை பதினோரு மணிக்கு மேல் காணாமல் போய்விட்டது.

"தந்தி வாத்தியக்காரங்களுக்கு எழுதிக்கொடுத்தது பத்திரமா இருக்கு," என்றார் கோமான் விம்மலுக்கு நடுவில். "ஆர்கனுக்கானது மூலப்பிரதியில மட்டும்தான் இருந்துச்சு. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"நீங்கதானே எழுதினீங்க, பிரபு?" என்றேன் நான். "மனப்பாடமா இருக்காதா?"

அனத்தோல் என் தொப்பியைப் பிடித்த அதே அருவருப்போடு அவர் என்னைப் பார்த்தார். "பறவை தன் பாட்டை மனப்பாடமா பண்ணுது?"

"கஸ்பார், வாயை மூடுப்பா," என்றார் லொரியோ. "இந்தப் பொண்ணு மேல ஏன் சந்தேகம்?"

"சிரிச்சா!" கோமான் நிமிர்ந்தார். "நேத்து ஒத்திகையில, என் முடிவைக் கேட்டுச் சிரிச்சா. எல்லாக் குழல்களும் திறந்து, எல்லா வில்லும் சேர்ந்து, ஒரே முழக்கம். ஏழு நிமிஷம். மனுஷ ஆத்மா பரலோக வாசல்ல நிக்கிற மாதிரி."

"ஏழு நிமிஷமா?" என்றேன். "வாசல்ல அவ்வளவு கூட்டமா?"

முக்காலியில் இருந்த பெண்ணின் உதடு துடித்தது. சிரிப்பை விழுங்கிவிட்டாள். இவளை எனக்குப் பிடித்துப்போனது.

"நான் எடுக்கலைங்க," என்றாள் இரேன். "பதினோரு மணிக்கு வந்தேன். மத்த வாத்தியக்காரங்களுக்கு நான் நகலெடுத்த தாள்களை அந்த மேஜையில வெச்சேன். போயிட்டேன். சிரிச்சது நிஜம். அதுக்கு ஜெயில்னா பாதி பாரிஸ் உள்ளதான் இருக்கணும்."

ஏட்டு பூஷார் கரண்டியை நிறுத்தினார். "நாலு மணிக்குள்ள பிரதி கெடைக்கலைன்னா நான் இவங்களைக் கூட்டிட்டுப் போகணும். மேலிடத்து உத்தரவு."

திருட்டுப் பட்டம் ஒருமுறை விழுந்தால் இந்த ஊரில் எந்த மண்டபமும் அவளுக்குக் கதவு திறக்காது. வயலினை விற்றுவிட்டுத் தொப்பிக் கடையில் வேலை தேட வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வயலின் பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

லொரியோ மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆர்கன். அதை ஒட்டி மரப் பலகைச் சுவரில் ஆட்டிடையர்களும் ஆட்டிடைச்சிகளும் ரோஜாப்பூவோடு கொஞ்சிக்கொண்டிருக்கிற ஓவியம். எதிர்மூலையில் மூன்று கால் வட்ட மேஜை ஒன்று. செவ்வாய்க்கிழமைகளில் கோமான் அதைச் சுற்றி நண்பர்களோடு உட்கார்ந்து, இறந்தவர்களோடு பேசுவார். போன வாரம் அவருடைய பெரிய தாத்தா வந்து கீல்வாதத்துக்கு மருந்து சொன்னாராம். ஊரே இப்போது மேஜை தட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை.

"வாசல் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாங்க," என்றார் அனத்தோல். "ஒன்பது மணியிலேர்ந்து நான் அங்கேயே நின்னேன். ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பிரபு உள்ள வாசிச்சிட்டிருந்தாங்க. பதினோரு மணிக்கு வெளிய வந்தாங்க. அப்புறம் இந்தம்மா போனாங்க, வந்தாங்க. வேற ஒருத்தரும் இல்லை."

"பிரபு, நீங்க வாசிக்கும்போது?"

"தன்னந்தனியா. நான், என் கலை, அவ்வளவுதான். நாய்கள் வெளியே கதவுக்கிட்ட இருந்துச்சு. முடிவு வரும்போது மூணு தடவையும் அதுங்க அழுதுச்சு. ஊளையிட்டு அழுதுச்சு! நாய்க்குப் புரியுது, இந்தப் பொண்ணுக்குப் புரியலை."

லொரியோ என்னைத் திரும்பிப் பார்த்தார். "கஸ்பார், ஒரு சந்தேகம். சங்கீதம் தெரியாதவன் கேக்கறேன், தப்பா நினைக்காதே. இந்தப் பெட்டி எப்படிச் சத்தம் போடுது?"

"காத்து, முதலாளி. குழல்ல காத்து போகணும்."

"வயலினை ஒருத்தரே வாசிக்கலாம். இதை?"

எட்டு வருஷம் சங்கீதத்தில் குப்பை கொட்டியவன் நான். எனக்குத் தோன்றவில்லை. தாலாட்டுக்கும் தண்டோராவுக்கும் வித்தியாசம் தெரியாத இந்த மனுஷனுக்குத் தோன்றிவிட்டது.

"துருத்தி மிதிக்க ஒரு ஆள் வேணும்," என்றேன் மெதுவாக.

லொரியோ மீசையை நீவிக்கொண்டார். அவர் மீசையை நீவினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். கோமானின் எதிரில் போய் நின்றார்.

"பிரபு, நீங்க பொய் சொல்றீங்க. ரெண்டு மணி நேரம் உங்களோட இந்த மண்டபத்துல இன்னொருத்தர் இருந்தாங்க. அது யாருன்னு நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கோமாட்டியின் விசிறி நின்றது. அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அமோரி! யாரு அவ?"

"யாருமில்லை! சத்தியமா யாருமில்லை!"

"அப்போ காத்து யாரு கொடுத்தாங்க?" என்றார் லொரியோ.

கோமான் விழித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவருடைய முகம் தெளிந்தது. மறந்துபோன குடை எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்தவர் மாதிரி சொன்னார்:

"ஓ. ஜோசப்."

"யாரு ஜோசப்?"

"துருத்தி மிதிக்கிறவன். அந்த ஓவியத்துக்குப் பின்னால ஒரு அறை இருக்கு. நான் மணிக்கயித்தை இழுப்பேன், அவன் மிதிப்பான். அவன் இருந்தா நான் தனியா இல்லைன்னு ஆயிடுமா? நாற்காலியையும் கணக்குல சேப்பீங்களா?"

விசிறி மறுபடியும் ஆட ஆரம்பித்தது. கோமாட்டிக்கு ஏமாற்றம்.

லொரியோவின் காது நுனி சிவந்தது. பெரிய இடத்தில் பெரிய குற்றச்சாட்டு வீசி, அது தரையில் 'சொத்' என்று விழுந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் சும்மா விடவில்லை. "அப்போ அனத்தோல் பார்த்த கணக்குல ஒரு ஆள் குறையுது, பிரபு. அந்த ஜோசப்பை நான் பார்க்கணும்," என்றார்.

"தாராளமா. அனத்தோல், இவங்களுக்கு ஜோசப்பைக் காட்டு."

அனத்தோலின் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "உத்தரவு, பிரபு."

அவர் எங்களைப் பின்கட்டு வழியாகச் சமையலறைக்கு அழைத்துப்போனார். கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஜோசப் எங்க?" என்றார் லொரியோ.

"பான்த்தேன் கல்லறைத் தோட்டத்துல, இடதுபக்கம் மூணாவது வரிசையில."

"என்னய்யா சொல்றே?"

"செத்து ஒன்பது வருஷம் ஆச்சுங்க. நானும் தூக்கினேன். நல்ல கனம்."

நான் முதலாளியைப் பார்த்தேன். "முதலாளி, வழக்கு முடிஞ்சுது. குற்றவாளி ஆஜர் ஆகறதுதான் கொஞ்சம் சிரமம்."

"சும்மா இருடா. அனத்தோல், அப்போ இந்த ஒன்பது வருஷமா யாருய்யா மிதிக்கறாங்க?"

அனத்தோல் வாணலியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் மூலையில் இருந்த ஒடுக்கமான மரப் படிக்கட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு மனுஷன் ஒன்றும் சொல்லாமல் எவ்வளவு சொல்லமுடியுமோ அவ்வளவும் சொல்லிவிட்டு, வெள்ளிக் கரண்டிகளைத் துடைக்கப் போய்விட்டார்.

படியேறும்போது லொரியோ கேட்டார். "கஸ்பார், சங்கீதம் கேட்டு நாய் அழுமா?"

"நல்ல சங்கீதம்னா தூங்கும். சுருதி இறங்கிச் சறுக்கினா ஊளையிடும். துருத்தியில காத்து தீர்ந்துபோனா ஆர்கன் அப்படித்தான் சறுக்கும். கழுதை கிணத்துல விழற மாதிரி இருக்கும்."

"மூணு தடவை அழுதுச்சுன்னு சொன்னார். மூணும் அதே இடத்துல."

"கடைசி முழக்கத்துல." நான் படியிலேயே நின்றுவிட்டேன். "முதலாளி! எல்லாக் குழலும் திறந்தா காத்து மடமடன்னு ஓடும். ஏழு நிமிஷம் அதை ஈடுகட்டி மிதிக்கணும்னா..."

"மேல வா. கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்."

படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு தாழ்வான கதவு. தட்டாமல் திறந்தோம். சவப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அறை. பாதியை அடைத்துக்கொண்டு துருத்தி. அதன் மேல்பலகையில் பாரத்துக்காக வைத்த செங்கற்கள். கீழே இரண்டு மிதிகட்டைகள். ஒரு நூலில் ஈயக் குண்டு தொங்கியது. துருத்தி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அது காட்டும். தரையில் ஒரு வாளி. வாளிக்குப் பக்கத்தில், பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, காடியில் நனைத்த துணியை முழங்காலில் சுற்றியபடி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பிரெத்தோன் நாட்டு வெள்ளைத் தலைக்குட்டை. தோள்கள் இரண்டும் மூட்டை தூக்குகிறவனுக்கு இருக்கவேண்டியவை.

"யாரு நீங்க?" என்றாள். "இங்க யாரும் வரமாட்டாங்களே."

"நீங்க யாரும்மா?"

"ஸெலி. ஜோசப்போட சம்சாரம்."

லொரியோ தொப்பியைக் கழற்றப் போனார். தொப்பி கீழே அனத்தோலிடம் இருந்ததால் வெறும் கையைத்தான் தலையிலிருந்து இறக்கினார். "எப்படிம்மா இது?"

"அவரு செத்த அன்னிக்கு வியாழக்கிழமைங்க. மேல மணி அடிச்சுது. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. ஏறி மிதிச்சேன். யாரும் ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரமும் மணி அடிச்சுது." தோளைக் குலுக்கினாள். "சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சில நாள் 'ஜோசப், இன்னும் கொஞ்சம்'னு குரல் வரும். நான் இன்னும் கொஞ்சம் மிதிப்பேன்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்து. மேலே ஜோசப்பின் கை, கீழே இன்னொரு கை. ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை மிதி என்று எழுதியிருந்தது. 'மெதுவான ஜெர்மன் பாட்டு, 210. நல்ல மனுஷன்.' 'கோமாட்டி பிறந்தநாள், 340.' 'பிஷப் வந்த அன்று, 600. முதுகு போச்சு.' எல்லாவற்றுக்கும் கீழே, புதுச் சுண்ணாம்பில்: 'பிரபு எழுதியது. முடிவு மட்டும் 900.' அதற்குப் பக்கத்தில் ஒரு சிலுவை வரைந்து, அதன் கீழ் ஒரு சின்ன மேடும் போட்டிருந்தது.

"முதலாளி," என்றேன். "வாக்குமூலம் சுவத்துல இருக்கு."

ஸெலி முழங்கால் துணியை அவிழ்த்து வாளியில் பிழிந்தாள்.

"நேத்து ஒத்திகையில நிறுத்தி நிறுத்தி வாசிச்சாங்க, சமாளிச்சேன். காலையில மூணு தடவை மிதிச்சுப் பார்த்தேங்க," என்றாள். "மூணு தடவையும் நாலாவது நிமிஷத்துல கண்ணு இருட்டிச்சு. நெஞ்சுல யாரோ முழங்கையால குத்தற மாதிரி. சாயங்காலம் நூறு பேரு முன்னாடி நிக்காம ஏழு நிமிஷம்னா நான் இதுலயே செத்துருவேன். ஜோசப்பும் இதே கட்டையிலதான் விழுந்தாரு. அதான் பிரபு வெளிய போனதும் ஓவியக் கதவைத் தொறந்தேன். எடுத்துட்டேன். ஒரு வாரம் தள்ளிப்போனா அவரு வேற ஏதாவது எழுதிருவாருன்னு நெனச்சேன். அவருக்குப் பொறுமை கெடையாது."

"எங்கம்மா அது?"

அவள் துருத்தியின் மேல் இருந்த செங்கல்லைக் காட்டினாள். செங்கல்லுக்கு அடியில், பச்சை நாடா கட்டிய கற்றை.

"அந்த வயலின் பொண்ணை நாலு மணிக்குப் போலீஸ் கூட்டிட்டுப் போகுது," என்றார் லொரியோ.

ஸெலியின் கையிலிருந்து துணி வாளியில் விழுந்தது. "எதுக்கு? அது நல்ல பொண்ணாச்சே! ஒத்திகை நடக்கும்போது 'காத்து கொடுக்கிறவங்களுக்கு மூச்சு வாங்காதா'ன்னு கேட்டுச்சு. ஒன்பது வருஷத்துல அது ஒண்ணுதான் கேட்டுச்சு." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் போய்ச் சொல்லிடறேன். என்னைக் கூட்டிட்டுப் போகட்டும்."

"உக்காரும்மா," என்றார் லொரியோ. "யாரும் எங்கயும் போகவேண்டாம். நான் பொய் சொல்லமாட்டேன். கேள்விதான் கேப்பேன். நீங்க கொஞ்ச நேரம் கீழ சமையலறையில இருங்க. கஸ்பார், உன் முழங்கால் மேஜைக்கு அடியில தட்டற அளவுக்கு உயரமா இருக்கா?"

"அதுக்காகத்தானே வளத்துவெச்சிருக்கேன், முதலாளி."

மூன்று மணிக்கு எல்லாரையும் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார வைத்தோம். கோமான், கோமாட்டி, இரேன், ஏட்டு, லொரியோ, நான். அனத்தோல் வாசலில் நின்றார்.

"பிரபு," என்றார் லொரியோ, "காலையில உள்ள இருந்தது நீங்களும் ஜோசப்பும் மட்டும். சத்தியம் பண்ணுவீங்களா?"

"எத்தனை தடவை பண்ணணும்?"

"ஜோசப் முகத்தைப் பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்?"

"அனத்தோல், ஜோசப் எங்க இருக்கார்னு பிரபுகிட்ட சொல்லு."

அனத்தோல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "செத்துப் போயிட்டாருங்க, பிரபு."

"என்னது? எப்போ?"

"ஒன்பது வருஷம் முன்னால."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பிரபு கேக்கலைங்க."

ஏட்டு பூஷார் பென்சிலை நாக்கில் நனைத்து, எழுத ஆரம்பித்து, நிறுத்தினார். "செத்தவங்களைச் சாட்சியா எழுதறதா, சந்தேகத்துக்குரியவரா எழுதறதா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். 'விருந்தாளி' என்று எழுதச் சொன்னேன்.

கோமானின் முகம் தாள் மாதிரி வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல, அதில் ஒரு பரவசம் ஏறியது. இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்தார்.

"ஜோசப்!" என்றார் நடுங்கிய குரலில். "நீயா? இத்தனை வருஷமா நீயா எனக்குக் காத்து கொடுத்தே?"

லொரியோ கூரையைப் பார்த்தார். என் முழங்கால் ஒருமுறை தட்டியது.

"பிரதியை நீதான் எடுத்தியா?"

தட்.

"ஏன்? உனக்குப் பிடிக்கலையா? முதல் பாகமா?"

மௌனம். எனக்கு அதுவும் பிடிக்காதுதான், ஆனால் அடக்கிக்கொண்டேன்.

"முடிவா?"

தட். தட். தட். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். லொரியோ என் காலை மிதித்தார்.

"அப்போ எவ்வளவு நேரம் இருக்கலாம்? சொல்லு ஜோசப்!"

நாலு தட்டு.

"நாலு நிமிஷம்?"

மௌனம்.

இரேன் ஆரம்பத்திலிருந்தே என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். வெகு பவ்வியமாகக் கேட்டாள்: "நாலு தாளமா இருக்குமோ, பிரபு?"

தட்!

கோமான் எழுந்தார். யாரும் சொல்லாமலே ஓவியச் சுவருக்குப் போய், ஓர் ஆட்டிடைச்சியின் இடுப்பைப் பிடித்துத் தள்ளினார். கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. செங்கல்லுக்கு அடியில் பச்சை நாடா. கோமான் அந்த அறையின் வாசலில் அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

ஏட்டு நோட்டுப்புத்தகத்தை மூடி, இரேனுக்கு ஒரு சல்யூட் வைத்து, சமையலறைப் பக்கம் வேகமாக நடந்தார். பயமா, சூப்பு மிச்சமிருந்ததா என்பது அவருக்குத்தான் தெரியும். இரேன் வயலின் பெட்டியைத் திறந்தாள்.

"துருத்திக் கதவு எங்க இருக்குன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்று நான் லொரியோவிடம் சொன்னேன். "திறந்து பார்க்கணும்னுதான் தோணலை."

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்தது. பட்டுப் பாவாடைகளின் சரசரப்பும், பவுடர் வாசனையும், யாருடைய மருமகள் யாரோடு வந்திருக்கிறாள் என்ற ஆராய்ச்சியும் ஓய ஐந்து நிமிஷம் ஆனது. முன்வரிசையில் ஒரு பத்திரிகை விமர்சகர் ஏற்கனவே சலித்துப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஸெலி மேலே போய்விட்டாள் என்று அனத்தோல் கண்ணால் சொன்னார். நாலு தாளம்தான் என்று நானே அவளிடம் சத்தியம் பண்ணியிருந்தேன்.

முதல் பாகம் எதிர்பார்த்தபடியே இருந்தது. கோமானின் இரண்டு கைகளும் தனித்தனி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் நடுவில் மெதுவாக ஒரு பகுதி வந்தது. ஆர்கன் அடியில் ஒரே ஒரு மெல்லிய குழலில் மூச்சு விட, அதற்கு மேல் இரேனின் வயலின் தனியாக ஏறியது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அது அழகாகவே இருந்தது. அந்தக் காற்று ஒரு தடவைகூட அதிரவில்லை. சுவருக்குப் பின்னால் ஸெலி அவ்வளவு கவனமாக, அவ்வளவு மென்மையாக மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் வில்லுக்கு அவள் காற்றால் கைகொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்லா இருக்கா?" என்று லொரியோ காதில் கேட்டார்.

"நல்லா இருக்கு, முதலாளி. ரெண்டு பொம்பளைங்க வாசிக்கறாங்க."

பிறகு முடிவு வந்தது. எல்லாக் குழல்களும் திறந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

கோமான் கையை எடுக்கவில்லை.

ஐந்து. எட்டு. பதினைந்து. அவர் தலை பின்னால் சாய்ந்தது. கண்கள் மூடின. நூறு பேர் பார்க்கிறார்கள், பரலோக வாசல் திறந்திருக்கிறது. ஜோசப்பின் ஆவியெல்லாம் அவருக்கு மறந்தே போய்விட்டது. தந்தி வாத்தியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வில்லை மாற்றி மாற்றி இழுத்தார்கள். நான் எண்ணுவதை விட்டேன். லொரியோ என் மணிக்கட்டைப் பிடித்தார், வலிக்கிற மாதிரி. இரண்டு நிமிஷம். மூன்று.

"ஏதாவது செய்டா," என்றார் லொரியோ. நான் எழுந்தேன்.

அதற்குள் சுருதி இறங்கியது. பெரிய குழல்கள் முதலில், பிறகு எல்லாமும், வழுக்கி, முனகி, கீழே கீழே போயின. வெளியே பிஜூவும் பொம்பொன்னும் ஊளையிட்டன. ஆட்டிடைச்சியின் இடுப்பு விலகியது. கதவைத் திறந்துகொண்டு ஸெலி வெளியே வந்தாள். பாவாடை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தது. கம்பளிக் காலுறை, முகமெல்லாம் வேர்வை, உள்ளங்கையில் சுண்ணாம்பு. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஆர்கன் கடைசியாக ஒரு சின்ன விக்கல் விக்கி அடங்கியது. இரேன் வில்லை எடுத்துவிட்டாள். மற்ற மூவரும் எடுத்தார்கள்.

நூறு தலைகளும் ஓவியச் சுவர் பக்கம் திரும்பின.

பிறகு முன்வரிசையில் விமர்சகர் எழுந்து நின்றார். கண்ணில் நீர். "உயிர் உடலை விட்டு வெளியேறுகிறது!" என்று கத்தினார். "இதுவரை யாரும் இப்படி முடித்ததில்லை!" அவ்வளவுதான், மண்டபமே எழுந்துகொண்டது. கைதட்டலில் தூசி பறந்தது. ஒரு சீமாட்டி விசும்பி விசும்பி அழுதாள்.

கோமான் திரும்பிப் பார்த்தார். ஸெலியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஜெயித்தது. நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினார். வேறு என்னதான் செய்வார்? இப்படித்தான் எழுதினேன் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் அவருக்கு வாழ்க்கையில் வரப்போவதில்லை.

இரேன் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் ஸெலிக்குப் பின்னால் போட்டாள். ஸெலி, சீமாட்டிகளுக்கு எதிரில், அதில் உட்கார்ந்தாள். லொரியோவும் நானும் பக்கத்தில் போய்விட்டோம். அதனால் அடுத்துப் பேசியது எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"நீ யாரு?" என்றார் கோமான், வணங்குவதை நிறுத்தாமல்.

"ஜோசப்போட சம்சாரம், பிரபு. ஸெலி. ஒன்பது வருஷமா மிதிக்கிறது நான்தான். உங்க தாளை எடுத்ததும் நான்தான்."

அத்தனை பாடுபட்டு ஒரு ஆவியை உண்டாக்கி, அதன் தலையில் பழியைப் போட்டு, இரண்டு பெண்களையும் காப்பாற்றியிருக்கிறோம். இவள் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டாள்.

"ஏம்மா!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "பேசாம பேயாவே உள்ள இருந்திருக்கக்கூடாதா?"

ஸெலி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருந்திருக்கலாந்தான் தம்பி. பேய்க்கு முட்டி வலிக்காது. எனக்கு வலிக்குதே."